நான்கு மணிக்கு ஒரு முறை

பிள்ளை அழுகையை நிறுத்தியபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். இதை எழுத உட்காரும்போதெல்லாம் என் பேனா நிற்பது அந்த இடத்தில்தான். அதனால் அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான்காம் நாள் சாயங்காலம் அழுகை நின்றது. என் இளைய மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நான் அம்பத்தூரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு டீச்சர். வீடு மேனாம்பேட்டில். என் கணவருக்குப் பெரம்பூரில் ரயில்வே பட்டறையில் வேலை; யுத்தம் வந்த பிறகு வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வந்தார். இரண்டு பெண்கள் எங்களுக்கு. மூத்தவளை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்தோம். இளையவளைப் பட்டணத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்த்தோம். கல்யாணமாகாத பெண் பிள்ளைப்பேறு பார்க்கப் போவதா என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தப் பெண்களுக்கு முன்னால் எனக்கு ஒரு பையன் பிறந்து எட்டு நாள் இருந்தான். என்ன காரணத்தால் போனான் என்று யாராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை. காரணம் சொல்லத் தெரிந்த ஒருத்தி என் வீட்டில் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருப்பேன்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியான வருஷம் அது. சித்திரை மாதம். பூந்தமல்லிச் சாலையிலும் எங்கள் பக்கத்துச் சாலைகளிலும் மாட்டு வண்டிகள் மெத்தையும் அண்டாவும் ஏற்றிக்கொண்டு மேற்கே போயின. ரயிலில் ஜன்னல் வழியாக ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் படிக்கிற பெண்களையும் ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இளையவள் ஒரு தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்தாள். அதற்கு முன்பே மூத்தவள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தங்கை வந்த நான்காம் நாள், சொன்ன கெடுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே அவளுக்கு வலி கண்டது.

எங்கள் தெருக்கோடியில் இருந்த மருத்துவச்சிதான் பிரசவம் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. வாய் ரொம்ப நீளம், கை ரொம்பச் சுத்தம். இளையவள் வெந்நீரும் துணியும் எடுத்துக்கொடுத்துக்கொண்டு கூடவே இருந்தாள். காலை பத்து மணிக்கெல்லாம் ஆண் பிள்ளை பிறந்தது. சின்னப் பிள்ளை. இளையவள் அரிசி மண்டியில் தராசு வாங்கி வந்து, துணியில் சுற்றி நிறுத்தாள். இரண்டு வீசைக்குக் கொஞ்சம் குறைவு.

அதுவரை இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. சண்டை சீம்பாலில் வந்தது.

எங்கள் பக்கத்தில் முதல் மூன்று நாள் பாலைப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. மஞ்சளாக, கெட்டியாக வருகிற அந்தப் பாலை ஒரு கொட்டாங்கச்சியில் பிதுக்கி எடுத்து, கால் படாத இடத்தில் கொட்டிவிடுவார்கள். பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் இரண்டு சொட்டு விளக்கெண்ணெயும். என் பிள்ளைகள் மூன்றுக்கும் அப்படித்தான் செய்தார்கள். மருத்துவச்சி வழக்கம்போலக் கொட்டாங்கச்சியோடு உட்கார்ந்தாள். இளையவள் அதைப் பிடுங்கினாள்.

"இத்த இன்னா பண்ணப் போற?" என்றாள் மருத்துவச்சி.

"கொட்டக் கூடாது. பிள்ளைக்கு இதுதான் முதல்ல போகணும். வயித்த இதுவே சுத்தம் பண்ணும். விளக்கெண்ணெய் வேணாம்."

"அயுக்குப் பாலும்மா அது. பத்து மாசம் உள்ளாற நின்ன பாலு."

"அழுக்கு இல்ல. எங்க ஆஸ்பத்திரில கொட்ட விடமாட்டாங்க."

"ஆஸ்பத்திரில செத்தா அவுங்களுக்கு இன்னா? இங்க செத்தா என்னியத்தான கேப்பானுங்க!"

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் சொல்கிற வார்த்தையா அது? "எங்க சின்னவ சொல்றபடியே விடு. அவ அதுக்குத்தான் படிக்கிறா" என்றேன்.

மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "ரைட்டு டீச்சரம்மா. மத்ததெல்லாம் பொஸ்தகம் பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் வரவில்லை. அந்தச் சீம்பாலை என் பேரன் குடித்தான். அதில் இளையவள் சொன்னது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். சரியாக ஒன்றைச் சொன்னவள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்வாள் என்று நான் நம்பியதுதான் தப்பு.

அன்று மத்தியானத்திலிருந்து வீடு ஆஸ்பத்திரியாக மாறியது. என் டைம்பீஸ் கெடியாரத்தை எடுத்துக் கட்டில் தலைமாட்டில் வைத்தாள். நான்கு மணிக்கு ஒரு முறை, அதாவது ஆறு, பத்து, இரண்டு என்று, பால். ஒவ்வொரு பக்கமும் பத்து நிமிஷம். இரவு பத்துக்குக் கொடுத்தால் அப்புறம் காலை ஆறுக்குத்தான். நடுவில் தூக்கக் கூடாது. பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கை எடுத்துப் பரண்மேல் போட்டாள், கிருமி சேரும் என்று. எனக்கு இது எதுவும் விசித்திரமாகப் படவில்லை. மணி அடித்தால் பாடம், மணி அடித்தால் சோறு என்று வாழ்கிறவள் நான். ஒழுங்கு என்றாலே எனக்கு ஒரு மரியாதை.

பிள்ளை அழுதது. சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் வருமா என்று இருந்தது.

"அழட்டும்மா" என்றாள் இளையவள். "அழுதா நுரையீரலுக்கு நல்லது. சிஸ்டர் சொல்லிருக்காங்க. ரெண்டு நாள்ல பழகிடும்."

மூன்றாம் நாள் மூத்தவளுக்குப் பால் கட்டியது. மார்பு கல்லாகிவிட்டது. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் ரவிக்கை தானாக நனையும். அவள் ஒன்றும் படிக்காதவள் இல்லை, எட்டாவது வரை படித்தவள்தான். ஆனால் தங்கைக்கு முன்னால் பேச மாட்டாள். தங்கையின் படிப்புமேல் அவளுக்கு அவ்வளவு பெருமை.

நான்காம் நாள் மத்தியானம். மணி ஒன்றேகால். இரண்டு மணிக்குத்தான் அடுத்த பால். பிள்ளை கையைக் காலை உதைத்துக்கொண்டு அழுதது. இளையவள் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மூத்தவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் கெடியாரத்தைப் பார்த்தாள். மெதுவாகப் பிள்ளைப் பக்கம் கையை நீட்டினாள்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் நாப்பத்தஞ்சு நிமிஷம் இருக்குடி. பழக்கத்தைக் கெடுக்காதே" என்றேன்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் பிடியிலேயே விட்டுவிட்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரவிக்கையிலிருந்து பால் பாயில் சொட்டியது. அதைத் துணியால் துடைத்தது நான்தான்.

இரண்டு மணிக்குக் கொடுத்தபோது, அழுத களைப்பில் பிள்ளை இரண்டு வாய் இழுத்துவிட்டுத் தூங்கிவிட்டது. பத்து நிமிஷம் முடிந்ததும் இளையவள் வாங்கிப் படுக்க வைத்தாள். ஆறு மணிக்கும் அப்படியே. அதற்கப்புறம் அழவில்லை. அப்போதுதான் அவள் சிரித்தாள். "பாத்தியாம்மா? பழகிட்டான்." மூத்தவள்கூட லேசாகச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். அன்று நாங்கள் எல்லோரும் நன்றாகத் தூங்கினோம்.

ஐந்தாம் நாள் காலை நான் துவைக்கத் துணி எடுக்கப் போனேன். பிள்ளைத்துணி மூன்றுதான் இருந்தது. மூன்றும் முந்தைய நாளுடையவை. தொட்டிலில் பிள்ளையின் அடியில் கிடந்த துணியை உருவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. முகர்ந்தும் பார்த்தேன். வெயிலில் உலர்ந்த வாசம்தான். இரவு போட்ட துணி.

"இவன் எப்போடி ஒண்ணுக்குப் போனான்?" என்று கேட்டேன். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இளையவள் பிள்ளையைத் தூக்கினாள். தூக்கின மாதிரியே கை நின்றது. "தராசு எங்கம்மா?" என்றாள். தராசு கூடத்தில்தான் இருந்தது, மண்டிக்கு இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. பிள்ளையை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் பிறந்த அன்று போட்ட அதே படிக்கற்களை வைத்தாள். பிள்ளையின் தட்டு மேலே போனது. ஒரு கல்லை எடுத்தாள். அப்போதும் மேலே. இன்னொன்றை எடுத்தாள். எடுத்த கற்களை நான் வாங்கித் தரையில் வைத்தேன். தட்டு சமமானபோது பன்னிரண்டு பலம், கால் வீசைக்கு மேல், கீழே கிடந்தது.

பிள்ளையின் முகம் மஞ்சளாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். தொடைத் தோலை விரலால் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. மார்பில் வைத்தால் உதடு மூடவில்லை. பால் தானாக வாய்க்குள் வடிந்து, கடைவாயில் வழிந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

"உன் நோட்டைக் கொண்டாடி" என்றேன்.

கொண்டுவந்தாள். நீல மையில் அழகான எழுத்து. நான் சொல்லிக்கொடுத்த எழுத்து. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். நான்கு மணிக்கு ஒரு முறை என்பது இருந்தது. பத்து நிமிஷம் இருந்தது. அழுகை, நுரையீரல் எல்லாம் இருந்தது. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு ஒரு தலைப்பு: நிறையில்லாத குழந்தைகளும் நாள் முந்திப் பிறந்தவைகளும். அதற்கடுத்து ஒன்றும் இல்லை. பக்கம் வெறுமையாக இருந்தது. புரட்டினேன். நோட்டின் கடைசிவரை வெள்ளைத்தாள்.

"இதுக்கு அப்புறம்?"

"அது மறுநாள் கிளாஸ்மா" என்றாள். "மறுநாள் எங்கள அனுப்பிட்டாங்க."

இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறவள் நான். பாதியில் நின்ற பாடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கூட்டல் முடிந்து கழித்தல் தொடங்குமுன் விடுமுறை விட்டால், பிள்ளைகள் திரும்பி வந்து எல்லாக் கணக்கையும் கூட்டித்தான் வைப்பார்கள். இவள் நோட்டை ஒரு முறையாவது நான் வாங்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். பூட்டு தொங்கியது. குடும்பத்தோடு எங்கோ வடக்கே போய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஸ்டேஷனுக்குப் போனேன். பட்டணத்துப் பக்கம் போகிற வண்டி எப்போது என்று கேட்டேன். ஆவடிக்குச் சாமான் ஏற்றிப் போகிற ராணுவ வண்டிகள் போனால்தான் மற்றது விடுவார்கள், மத்தியானம் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம் என்றார் ஸ்டேஷனில் இருந்தவர். அவர் என்னைப் பார்த்து, "பட்டணத்துல இருந்து எல்லாரும் ஓடியாறாங்க, நீங்க போறேங்கறீங்களே" என்றார். வீட்டுக்குத் திரும்பிப் போனால் என்ன பார்ப்பேன் என்ற பயத்தில் இரண்டு நிமிஷம் அங்கேயே நின்றேன். அந்த இரண்டு நிமிஷத்துக்கும் எனக்கு வெட்கம் உண்டு.

அங்கிருந்து நேராக மருத்துவச்சி வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னா டீச்சரம்மா, கெடியாரம் பாலு குடுக்கலியா?"

தெரு முழுக்க அந்தச் சங்கதி தெரிந்திருக்கிறது. தரையில், அவள் கீரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எத்தினி நேரமா அயல?"

"நேத்து சாயங்காலத்திலேர்ந்து."

"அடிப் பாவி" என்றாள். என்னையா, என் மகளையா, தெரியாது. எனக்கு முன்னால் ஓடினாள்.

வீட்டுக்குள் வந்ததும் பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "வாயி காஞ்சி கீது. இஸ்துக் குடிக்கச் சத்து இல்ல. வெளக்கெண்ணைய எடு. கொஞ்சம் கயுதப் பாலும் வாங்கியாரச் சொல்லு, வண்ணார் ஊட்டுல கீது."

"வேணாம்" என்றாள் இளையவள். மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "எண்ணெய் கொடுத்தா பேதி ஆகும். உடம்புல இருக்கற தண்ணியும் போயிடும். என்னை அடிங்க, திட்டுங்க. அதை மட்டும் கொடுக்காதீங்க. அக்காகிட்ட பால் இருக்கு. எடுக்கத்தான் எனக்கு வரல. கண்ணாடிப் பம்பு வெச்சு எடுப்பாங்க அங்க. எனக்குக் கையால வரலை."

அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் நின்றேன். இவள் சொன்னதைக் கேட்டுத்தான் இந்த நிலை. அவள் சொல்வதைக் கேட்டால் என்ன ஆகும்? பயத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. இரண்டில் எதையும் சொல்லத் தெரியாமல், "அம்மா, அம்மா" என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மருத்துவச்சி மூத்தவளின் மார்பைத் தொட்டுப் பார்த்தாள். "கல்லு மாரி கீது. இத்தினி பால வெச்சிகினு புள்ளையப் பட்டினி போட்டுக்கீறீங்களே." வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். பிறகு கட்டைவிரலையும் இரண்டு விரலையும் வைத்து, பின்னால் அழுத்தி, முன்னால் உருட்டினாள். மூத்தவள் வலியில் பல்லைக் கடித்தாள். இரண்டாம் முறை சொட்டியது. நாலாம் முறை நூலாகப் பீய்ச்சியது.

"பாத்துக்க" என்று இளையவளிடம் சொன்னாள். "இருவது வருசமா கீயக் கொட்றதுக்குன்னே பிதுக்கின கையி. இன்னிக்கித்தான் ஒரு வாயிக்கிப் போவுது. இன்னா முயிக்கற? சங்க எடுத்தாம்மே!"

இளையவள் பரண்மேல் ஏறினாள். சங்கைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். கொதிக்க வைக்கும்வரை மருத்துவச்சி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், ஆனால் தடுக்கவில்லை. விளக்கெண்ணெய்ப் பேச்சை அப்புறம் அவளும் எடுக்கவில்லை.

பிள்ளையை என் மடியில் கிடத்தினார்கள். இளையவள் சங்கின் முனையைக் கீழுதட்டில் வைத்து ஒரு சொட்டு விட்டாள். சொட்டு நாக்கில் நின்றது. விழுங்கவில்லை. மருத்துவச்சி தொண்டையில் ஒரு விரலால் மேலிருந்து கீழே தடவினாள். தொண்டை ஒரு முறை அசைந்தது.

"உள்ள போச்சி" என்றாள். "வுடு. அவசரப்படாத. பொறை ஏறிடும்."

அடுத்த சொட்டு. அடுத்த சொட்டு. ஒரு சங்கு இறங்க அரை மணி நேரம் பிடித்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும். அதற்குள் அடுத்த பாலை மருத்துவச்சி எடுத்து வைத்தாள். நடுவில் ஒரு முறை பிள்ளை நிறம் மாறி, உடம்பு துவண்டு, தலை என் முழங்கைமேல் சாய்ந்தது. நான் அலறிவிட்டேன். மருத்துவச்சி உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். மூன்றாம் முறை கால் இழுத்துக்கொண்டது. "டீச்சரம்மா, நீ கத்துனா பொண்ணுக்குப் பாலு நின்னுடும். வாய மூடிகினு குந்து" என்றாள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். மறுபடி அதை எடுக்கும்போது துணி பல்பட்டுக் கிழிந்திருந்தது.

இரண்டு மணி ஆனது. கெடியாரம் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. மூன்று மணி வாக்கில் என் மடி சுட்டது. முதலில் எனக்குப் புரியவில்லை. ஈரம் புடவையைத் தாண்டித் தொடைக்கு வந்தபோது, "பெஞ்சிட்டான்" என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் மருத்துவச்சி பார்த்துவிட்டாள். "ஆங், மவராசன் டீச்சரம்மாக்குத் தீர்த்தம் குட்த்துட்டாரு" என்றாள். மூத்தவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே தேம்பினாள். இளையவள் சங்கைக் கீழே வைக்காமல் அடுத்த சொட்டை விட்டாள்.

சாயங்காலம் வண்டி வந்தபோது நாங்கள் போகவில்லை. பிள்ளை அதற்குள் ஒரு முறை அழுதிருந்தது. பூனைக்குட்டி சத்தம் மாதிரி. அந்த அழுகைக்கு மூத்தவள் யாரையும் பார்க்கவில்லை. எடுத்து மார்பில் வைத்துக்கொண்டாள். உதடு மூடியது. இழுக்கிற சத்தம் கேட்டது.

அப்புறம் பத்து நாள், பகலில் மணிக்கு ஒரு முறை, அழுதால் அதற்கு முன்பே என்று பால் போனது. மருத்துவச்சி தினம் வந்தாள். வருகிறபோதெல்லாம், "கெடியாரம் நல்லா கீதா?" என்று கேட்பாள். இளையவள் தலைகுனிந்து சிரிப்பாள். பிறகு ஒரு நாள் அவளே மருத்துவச்சியிடம், அடுத்த பிரசவத்தில் சீம்பாலைக் கொட்டாதீர்கள் என்று கெஞ்சியதைக் கேட்டேன். "பாக்கலாம்" என்றாள் அவள். கொட்டினாளா இல்லையா, எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி மறுபடி திறந்ததும் இளையவள் போகமாட்டேன் என்றாள். நான்தான் ரயிலேற்றிவிட்டேன். இப்போது படிப்பை முடித்து அங்கேயே வேலை பார்க்கிறாள். படிக்க வருகிற பெண்களுக்கு, நோட்டில் எழுதுவதற்கு முன் பிள்ளையின் துணியைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறாளாம்.

அவளை நான் குற்றம் சொன்னதில்லை. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் கிணற்றடியில் இருந்தபோது மூத்தவள் நீட்டிய கையைப் பிடித்தது நான். எனக்கு நாற்பத்துநான்கு வயது, மூன்று பிள்ளை பெற்றவள். பால் சொட்டுவதைக் கண்ணால் பார்த்தவள். பேரனுக்கு இப்போது நான்கு வயது. கூடத்தில் விளையாடிக்கொண்டிருப்பவன் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால் நான் அடுப்பை விட்டு ஓடுகிறேன். அவன் எறும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "இன்னா ஆயா?" என்று சலித்துக்கொள்வான்.

மூத்தவள் மறுபடியும் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். இது ஏழாம் மாதம் முடிந்து எட்டாம் மாதம். நேற்று அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே, "அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே" என்றாள்.

"கேளு."

"இந்தத் தடவை நான் பிள்ளையத் தூக்கறப்போ, நீ என் கையைப் பிடிக்காதே."

நான்கு வருஷமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்றுகூட நினைத்திருந்தேன்.

"பிடிக்க மாட்டேன்" என்றேன். பின்னல் கையிலிருந்து நழுவிவிட்டது. மறுபடி முதலிலிருந்து பின்னினேன்.